ஏற்றத்தில் மட்டும் கொதித்த யெஸ்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி 1984ஆம் ஆண்டு யெஸ்டி 250. ரோட்கிங் இல்லை, பழைய ஜாவா உடம்போடு வந்த மாடல். டூ ஸ்ட்ரோக் என்ஜின், ஒரு சிலிண்டர், இரண்டு சைலன்சர், சிலிண்டர் விட்டம் (போர்) 65 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் (ஸ்ட்ரோக்) 75 மி.மீ., ஆறு வோல்ட் டைனமோ, பாயிண்ட் இக்னிஷன். மைசூரில் ஐடியல் ஜாவா 1961இல் ஜாவா என்ற பெயரில் வண்டி செய்ய ஆரம்பித்து, 1973இலிருந்து யெஸ்டி என்று பெயர் மாற்றி, 1996இல் தொழிற்சாலையை மூடியது. இது அந்த வரிசையில் வந்த வண்டி. காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இருக்கிறது. அவருடைய அப்பா மாந்தோப்புக்குப் போய்வர வாங்கியதாம். 2025 மே மாதம் ஒரு டெம்போவில் ஏற்றி தருமபுரியில் உள்ள என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஓட்டிக்கொண்டு வரவில்லை என்பதே அவர் எவ்வளவு நொந்துபோயிருந்தார் என்பதைக் காட்டியது.

"ஏறும்போது மட்டும்தான் தம்பி. சமதளத்துல ஒண்ணும் பண்றதில்ல. ஓசூர் போலாம்னு கிளம்புனா சூளகிரி தாண்டறதுக்குள்ள இழுக்க மாட்டேங்குது. அனல் கால்ல அடிக்குது. நிறுத்தி அரை மணி நேரம் போட்டா மறுபடியும் கிளம்புது."

சேலம் போய்விட்டுத் திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் பிஸ்டன் ஒருமுறை சூட்டில் சிலிண்டரோடு இறுகிப் பிடித்திருக்கிறது. கிளட்சைப் பிடித்ததால் சக்கரம் பூட்டிக்கொள்ளவில்லை. பின்னால் லாரி. அதற்கப்புறம் வீட்டில் வண்டியை எடுக்க விடவில்லை.

வண்டியின் கதையைக் கேட்காமல் நான் ஸ்பேனரைத் தொடுவதில்லை. கொரோனா வந்த 2020 மார்ச்சில் கொட்டகையில் நிறுத்தியவர் 2023 சித்திரையில்தான் மறுபடி கிக்கரை உதைத்திருக்கிறார். மூன்று வருடம். அதற்கு முன்னால் இதே வண்டி, இதே சூளகிரி ஏற்றத்தில், பின்னால் ஆள் வைத்து ஏறியிருக்கிறது. சூடு ஆரம்பித்தது 2023க்குப் பிறகு. இதை நோட்டில் முதல் வரியாக எழுதி அடிக்கோடு போட்டேன். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வரிதான் வழிகாட்டியது.

இடைப்பட்ட இரண்டு வருடத்தில் மூன்று பட்டறை பார்த்திருக்கிறார். முதல் இடத்தில் சூடு என்றதும் பெட்ரோலோடு கலந்து ஊற்றும் டூ டி ஆயிலைக் கூட்டச் சொல்லிவிட்டார்கள். லிட்டருக்கு 40 மில்லி ஊற்றிக்கொண்டிருந்தவர் 60 மில்லிக்கு மாறினார். இரண்டாவது இடத்தில் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாக்கி, பிளக்கையும் மாற்றினார்கள். பிஸ்டன் பிடித்த பிறகு போன மூன்றாவது இடத்தில் சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி (போர் அடித்து), அரை மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக் கொடுத்தார்கள். அது மட்டும் பன்னிரண்டாயிரம் ரூபாய். முந்நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிப் பழக்கிவிட்டு ஏற்றத்துக்குப் போனால் மறுபடி அதே சூடு. கடைசியில் எல்லோரும் சேர்ந்து பழியைப் பெட்ரோல் மேல் போட்டுவிட்டார்கள். "எத்தனால் பெட்ரோல்ல பழைய வண்டி இனிமே ஓடாது சார், வித்துடுங்க" என்று சொன்னார்களாம்.

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. எனக்கும் குறை சொல்லும் எண்ணம் இல்லை. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்று இடத்திலும் வேலை செய்திருக்கிறார்கள், எந்த இடத்திலும் எதையும் அளக்கவில்லை.

முதல் நாள்: தொட்டுப் பார்த்தது

காற்றில் குளிரும் என்ஜின் சுடத்தான் செய்யும். மே மாத வெயிலில் தருமபுரிச் சாலையில் நின்றாலே கால் சுடும். அதனால் உண்மையிலேயே சூடு மிஞ்சுகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். என்னிடம் துப்பாக்கி மாதிரி நீட்டிப் பிடிக்கும் வெப்பமானி இருக்கிறது. அதைப் பளபளக்கும் அலுமினிய ஹெட் (சிலிண்டரின் மூடி) மேல் காட்டினால் உண்மையைவிட நிறையக் குறைத்துத்தான் காட்டும். பளபளப்பான பரப்பு தன் வெப்பத்தைக் கதிராக வெளியே விடுவது குறைவு. அதனால் பிளக்குக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சூடு தாங்கும் மங்கல் கறுப்புப் பெயின்ட் அடித்து, அந்தப் பொட்டின் மேல்தான் எப்போதும் அளப்பேன். இந்தக் கருவியை வாங்கியவர்களில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை, வந்த எண்ணை நம்பிக் குழம்புகிறார்கள்.

சோதனை ஓட்டத்துக்குத் தொப்பூர் போகவில்லை. அந்தக் கணவாயில் பிரேக் பிடிக்காமல் இறங்கும் லாரிகளைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடுவழியில் நிற்கக்கூடிய வண்டியை அங்கே கொண்டுபோவது தப்பு. வத்தல்மலை ரோட்டுக்குப் போனேன். கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் இருக்காது, காற்று குறைவு, என்ஜினுக்குப் பாரம் அதிகம். சூட்டுக் கோளாறைப் பார்க்க அதைவிடக் கடினமான பரீட்சை பக்கத்தில் இல்லை.

அடிவாரம் வரை சமதளத்தில் 175 டிகிரி செல்சியஸ். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏறத் தொடங்கி நாலைந்து வளைவு போனதும் இழுவை மெல்ல வற்றியது. கொலுசு குலுங்குவது போல மெல்லிய நாக்கிங் சத்தம், அதாவது கலவை முறை தவறி வெடிக்கும் சத்தம், கேட்டது. உடனே கிளட்சைப் பிடித்து, என்ஜினை அணைத்து ஓரம் கட்டினேன். பொட்டின் மேல் 236. மிஞ்சுகிறது, சந்தேகமே இல்லை.

அப்படியே நின்ற இடத்தில் பிளக்கைக் கழற்றினேன். பிளக்கைப் படிக்க வேண்டுமானால் அந்த ஓட்டத்திலேயே அணைத்துக் கழற்ற வேண்டும். மெதுவாக உருட்டிப் பட்டறைக்கு வந்து பார்த்தால் தெரிவது ஸ்லோவில் (முறுக்காமல் விட்ட நிலையில்) ஓடிய நிறம்தான். இந்த பிளக்கின் பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது, அடிவளையம் வரைக்கும். காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல் எரிவதன் அடையாளம் அது. லிட்டருக்கு 60 மில்லி ஆயில் குடிக்கும் டூ ஸ்ட்ரோக்கில், பெரிய ஜெட்டும் போட்டிருக்கும்போது பிளக் இப்படி வெளுப்பாக இருக்கவே கூடாது. கறுத்து நசநசவென்று இருந்திருக்க வேண்டும்.

கொஞ்சம் ஆறியதும் மறுபடி உதைத்தேன். அப்போதுதான் இரண்டாவது துப்பு கிடைத்தது. ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டால் ரேஸ் உடனே இறங்கவில்லை. மேலேயே தொங்கிக்கொண்டு நின்று, ஏழெட்டு நொடி கழித்து மனமில்லாமல் இறங்கியது. கேபிள் இறுக்கமோ என்று ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், மாற்றமில்லை. ஏர் ஃபில்டரின் வாயை உள்ளங்கையால் பாதி மூடினேன். நல்ல என்ஜின் அப்படிச் செய்தால் மூச்சுத் திணறி விழும். இது விழவில்லை, சத்தம் சீராகி ஒழுங்காக நின்றது. பசியோடு இருந்தவனுக்குச் சோறு போட்டது மாதிரி.

பட்டறைக்கு வந்ததும் கார்புரேட்டரில் ஸ்லோவுக்கான காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவைப் பார்த்தேன். முழுக்க மூடியிருந்தது. யாரோ ஸ்லோ நிற்பதற்காகக் கடைசி வரை திருகிவிட்டிருக்கிறார்கள். அதாவது கார்புரேட்டர் தன்னால் முடிந்த அளவு காற்றைக் குறைத்துவிட்டது, ஜெட் தன்னால் முடிந்த அளவு பெட்ரோலைக் கூட்டிவிட்டது. அப்படியும் கலவை வறண்டுதான் கிடக்கிறது, அதாவது காற்று மிஞ்சி பெட்ரோல் குறைந்து. பெட்ரோல் போதாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் கார்புரேட்டருக்குத் தெரியாமல் காற்று எங்கிருந்தோ உள்ளே வர வேண்டும்.

ஒவ்வொன்றாகக் கழித்தது

இருபது கிலோமீட்டர் ஓடி, நின்று, அரை மணி நேரத்தில் கிளம்பும் வண்டி என்றால் முதலில் டேங்க் மூடியைத்தான் சந்தேகப்படுவேன். மூடியில் உள்ள காற்றுத்துளை அடைத்தால் பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி வரத்து நின்றுபோகும். சும்மா நின்றால் காற்று மெல்ல உள்ளே போய்ச் சரியாகிவிடும். குணம் அச்சாக ஒத்துப்போகிறது. மூடியைத் தளர்த்திவிட்டு இன்னொரு முறை ஏறினேன். அதே இடம், அதே சூடு. பெட்ரோல் டேப்பைத் திறந்து பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன், தாராளமாகக் கொட்டியது. பெட்ரோல் வரத்து குற்றமற்றது.

ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரத்தைச் சுற்றினேன். பிரேக் உரசவில்லை, செயின் இறுக்கமும் சரி. கிளட்ச் நழுவவில்லை. சிலிண்டரைக் குளிர்விக்கும் வரிகளுக்கு நடுவே பழைய ஆயிலும் மண்ணும் கெட்டிப்பட்டிருந்ததைக் குச்சியும் மண்ணெண்ணெயும் வைத்துச் சுரண்டி எடுத்தேன். அது சூட்டைக் கொஞ்சம் கூட்டியிருக்கும், ஆனால் பிளக்கை வெளுக்க வைக்காது. சைலன்சர் உள்குழாய்களில் கரி இருந்தது, அடைப்பு இல்லை.

டைமிங்கை, அதாவது பாயிண்ட் திறந்து பிளக்கில் பொறி விழும் நேரத்தை, டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். பிஸ்டன் உச்சிக்கு மூன்று மி.மீ. சுற்று முன்னால் பாயிண்ட் திறக்க வேண்டும், அப்படித்தான் திறந்தது. பாயிண்ட் இடைவெளி 0.4 மி.மீ. இங்கேயும் ஒன்றுமில்லை.

பிளக்கில் ஒரு தப்பு இருந்தது. என்.ஜி.கே. பிளக்கில் எண் ஏற ஏறக் குளிர்ந்த ரகம். பாஷ் பிளக்கில் தலைகீழ், எண் ஏற ஏறச் சூடான ரகம். முதலில் என்.ஜி.கே. 7 இருந்திருக்கிறது. குளிர்ந்ததாகப் போடுவோம் என்று நினைத்து பாஷ் 8 போட்டிருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனால் போனது எதிர்த்திசையில். நாக்கிங்குக்கு இது துணைபோயிருக்கும். இருந்தாலும் 2023இல் சூடு ஆரம்பித்தபோது பழைய பிளக்தான் இருந்தது. ஆகவே மூலம் இதுவும் இல்லை.

அப்புறம் பெட்ரோல். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோர் மனத்திலும் இன்று இருக்கும் பயம் இதுதான், அந்தப் பயத்தில் உண்மையும் இருக்கிறது.

கலப்பில்லாத பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய, எடைக் கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்தால் சுமார் 13.5 பங்கு போதும். எத்தனால் தனக்குள்ளேயே ஆக்சிஜன் வைத்திருக்கிறது. ஜெட்டின் துளை மாறாதபோது கலவை அந்த அளவுக்கு, எட்டு விழுக்காடு சுற்று, வறண்டுபோகும். அது நிஜம். கார்புரேட்டரில் பாதித் திறப்புக்கான பெட்ரோலை அளக்கும் ஊசியை (நீடிலை) ஒரு படி உயர்த்தினால் அநேகமாகச் சரிக்கட்டிவிடலாம், அதுவும் நிஜம். இந்த வண்டியிலோ பெரிய ஜெட் போட்டும் பிளக் வெளுத்தே இருந்தது. இதற்கு நேரடியான சாட்சி ஒன்றும் என் கையில் இருந்தது. இதே காலத்து யெஸ்டி இன்னொன்று என் பொறுப்பில் இருக்கிறது. அதே பெட்ரோல் பங்கில் அதே பெட்ரோல் போட்டு அன்று மாலையே வத்தல்மலை ஏற்றினேன். 190க்கு மேல் போகவில்லை, பிளக் வெளிர்பழுப்பு. பெட்ரோல் பொதுவானது, கோளாறு இந்த வண்டிக்கு மட்டும் உரியது.

ஆயிலைக் கூட்டியது பற்றியும் ஒரு வார்த்தை. சூடு என்றால் ஆயிலைக் கூட்டு என்பது நம் ஊரில் பரம்பரையாக வரும் வைத்தியம். ஆனால் ஜெட் வழியே போவது பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்த கலவை. அதில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது, கலவை கெட்டிப்பட்டு ஜெட்டில் இறங்குவதும் மந்தமாகிறது. 40 மில்லிக்கு 60 மில்லி என்றால் வித்தியாசம் சிறியதுதான். ஆனால் ஏற்கெனவே வறண்டு கிடக்கும் என்ஜினை இன்னும் வறட்டுகிற திசையில் போகிற வித்தியாசம் அது.

இரத்த அழுத்தக் கருவி

கழித்துக்கொண்டே வந்ததில் மிச்சம் நின்றது திருட்டுக் காற்று ஒன்றுதான்.

புல்லட் மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக்கில் கிராங்கின் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) ஆயில் சீல் போனால் ஆயில் கசியும், பெரும்பாலும் அவ்வளவுதான். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் வெறும் பெட்டி இல்லை, என்ஜினின் நுரையீரலே அதுதான். பிஸ்டன் மேலே போகும்போது கீழே வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டரிலிருந்து கலவையை இழுக்கிறது. பிஸ்டன் இறங்கும்போது அதே கலவையை அமுக்கி மேலே தள்ளுகிறது. கிராங்கின் இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் சீல்கள்தான் இந்த நுரையீரலை மூடி வைக்கின்றன. இடது சீல் கிளட்ச் பக்கம். அது போனால் கியர் ஆயிலை உறிஞ்சும், சைலன்சரில் புகை மண்டும், கியர் ஆயில் மட்டம் குறையும். எல்லோருக்கும் தெரிந்துவிடும். வலது சீல் டைனமோ பக்கம். அங்கே ஆயில் இல்லை, வெறும் காற்று. அந்தச் சீல் போனால் புகை இல்லை, கசிவு இல்லை, சத்தம் இல்லை. வெறும் காற்று உள்ளே வரும், கலவை வறளும், கலவையோடு வரவேண்டிய ஆயிலும் குளிர்ச்சியும் குறையும், சூடு ஏறும். வண்டியைச் சாகடிக்கிற கோளாறு இவ்வளவு மௌனமாக இருக்கும் என்பதுதான் இதில் எனக்கு எப்போதும் கவலை தரும் விஷயம்.

இதைக் கண்டுபிடிக்க இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி போதும். மருந்துக் கடையில் கிடைக்கும், கையால் அமுக்கும் பல்பும் முள் காட்டும் வட்டமும் உள்ளது. முள் 300 வரை போகும். 300 மி.மீ. பாதரசம் என்பது டயர் கணக்கில் ஆறு பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. கிராங்க் கேஸைச் சோதிக்க வேண்டிய அழுத்தமும் அந்த அளவுதான். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலையும் கெடுத்துவிடலாம், அதனால் டயர் கம்ப்ரசரை இதன் கிட்டவே கொண்டுவரக் கூடாது.

பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, இரும்பு உடம்புக்குள் பித்தளைக் குழாயைப் பற்றவைத்து வைத்திருக்கிறேன். அதை பிளக் துளையில் முடுக்கிக் கருவியின் ரப்பர்க் குழாயை மாட்டினேன். சைலன்சர்கள் இரண்டையும் கழற்றி, லாரி டியூபில் வெட்டிய வட்டத்தையும் அதன் மேல் தகட்டையும் வைத்துச் சைலன்சர் நட்டாலேயே இறுக்கினேன். கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, அதை என்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டின் வாயை ரப்பர்க் கட்டையால் அடைத்தேன். பிஸ்டனை அடியில் நிறுத்தினேன், அப்போதுதான் மேலும் கீழும் ஒரே அறையாகச் சேரும். எல்லாவற்றுக்கும் முன்னால் குழாயை மடித்துப் பிடித்துக் கருவியே கசிகிறதா என்று பார்த்தேன். இதை விட்டால் இல்லாத ஓட்டையைத் தேடி அரை நாள் போய்விடும்.

280 வரை அமுக்கினேன். பட்டறைப் பையன் செல்போனில் நொடி எண்ணினான். பத்தாவது நொடியில் முள் 120. நல்ல என்ஜினில் ஒரு நிமிடம் ஆனாலும் முள் ஓரிரு கோடுதான் அசைய வேண்டும்.

சோப்புத் தண்ணீரைத் தூரிகையில் தொட்டு ஹெட் இணைப்பைச் சுற்றித் தடவினேன், ஒன்றுமில்லை. சிலிண்டர் அடிப் பேக்கிங்கிலும் ஒன்றுமில்லை. மேனிஃபோல்டு பேக்கிங்கின் கீழ் மூலையில் கடுகு அளவுக் குமிழ்கள் நிதானமாக ஒவ்வொன்றாக வந்தன. கசிவுதான், ஆனால் முள் இவ்வளவு வேகமாக விழ அது போதாது. இடது சீலை நேராகப் பார்க்க வழியில்லை. அதற்குக் கியர் ஆயில் ஊற்றும் துளை மேல் சோப்புப் படலம் ஒன்று கட்டினேன். கிராங்கிலிருந்து அந்தப் பக்கம் காற்று போனால் படலம் உப்பும். கண்ணாடி மாதிரி தட்டையாகவே நின்றது.

வலது பக்க மூடியைக் கழற்றி டைனமோவை எடுத்தேன். கிராங்க் தண்டைச் சுற்றி சோப்புத் தண்ணீரை ஒரே ஒரு சுற்று தடவிவிட்டு மறுபடி அமுக்கினேன். தண்டின் கீழ்ப்பாதியில், மணி நாலிலிருந்து எட்டு வரை உள்ள இடத்தில், நுரை பொங்கியது. சோறு பொங்கும்போது மூடியைத் தள்ளிக்கொண்டு வருமே, அப்படி. மெல்லிய சீத்தென்ற சத்தமும் வந்தது. வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"இதுக்கா தம்பி ரெண்டு வருஷம்?"

சீல் சொன்னது

சீலை நெம்பி எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தோம். உதடு விறைத்துப்போயிருந்தது. நகத்தால் அழுத்தினால் புதுச் சீலின் உதடு மடங்கி, விட்டதும் எழும். இது மடங்கவே இல்லை, காய்ந்த செருப்பு வார் மாதிரி. உள்ளே உதட்டைத் தண்டோடு பிடித்துவைக்கும் மெல்லிய சுருள் கம்பி துருவேறியிருந்தது. உதட்டின் ஒரு பகுதி, விரல்நுனி அகலத்துக்கு, பிய்ந்திருந்தது. அதே பகுதிக்கு நேராகத் தண்டின் மேல் கறுத்த ரப்பர் ஒட்டிக்கிடந்தது.

கொட்டகையில் மூன்று வருடம் நின்றதில் என்ன நடந்திருக்கும் என்பதை அந்த ஒட்டு காட்டிக்கொடுத்தது. கிராங்க் கேஸின் அடியில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, மிச்ச ஆயில் பிசினாக இறுகி, சீலின் கீழ்ப்பாதி உதட்டைத் தண்டோடு ஒட்டிவிட்டது. 2023 சித்திரையில் முதல் உதையில் தண்டு சுழன்றது, ஒட்டிய ரப்பர் பிய்ந்தது. சூடு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. நோட்டில் அடிக்கோடு போட்ட வரிக்கு விடை இதுதான்.

வண்டி ஏன் சமதளத்தில் பிழைத்து, ஏற்றத்தில் மட்டும் விழுந்தது? ஓட்டை எப்போதும் இருந்தது. சமதளத்தில் என்ஜினுக்கு வேலை குறைவு, எதிர்க்காற்று தாராளம், வறண்ட கலவையின் சூட்டைச் சிலிண்டர் வரிகள் வாரிக் கொட்டிவிடும். ஏற்றத்தில் பாரம் கூடுகிறது, வேகம் குறைகிறது, சூடு சேர்ந்துபோகிறது. சூடு ஏறினால் சீலில் கொஞ்சநஞ்சம் ஒட்டியிருந்த ஆயில் படலமும் நீர்த்து, ஓட்டை இன்னும் பெரிதாகிறது. ஒன்று மற்றொன்றைத் தூக்கிவிடும் சுழல் அது. உயரம் கூடுவதால் கலவை கெடுகிறதோ என்றால், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறினால் காற்று மெலிந்து கலவை கொழுக்கத்தான் செய்யும், வறளாது. அதனால் அந்தச் சந்தேகத்துக்கு ஆரம்பத்திலேயே இடம் இல்லை.

பெரிய மெயின் ஜெட் ஏன் உதவவில்லை என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. மெயின் ஜெட்டின் ஆட்சி ஆக்சிலேட்டர் முக்கால் பங்குக்கு மேல் திறந்த பிறகுதான். வாத்தியார் பாதி திறப்பில் நிதானமாக ஏறுகிறவர். அந்தப் பாதித் திறப்பில் என்ஜின் குடிக்கும் காற்றே குறைவு, அதில் சீல் வழியே திருட்டுத்தனமாக வருவதன் பங்கு அதிகம். ஜெட்டை மாற்றியது அவர் போகாத ரோட்டைச் செப்பனிட்டது மாதிரி ஆகிவிட்டது.

சிலிண்டரைக் கழற்றினேன். கழற்றாமலே விட்டிருக்கலாம், ஆனால் மறுபடியும் சூடேறிய பிஸ்டனைப் பார்க்காமல் மூட மனம் வரவில்லை. எக்ஸாஸ்ட் பக்கம் இலேசான கீறல்கள், போரில் அலுமினியம் ஈஷியிருந்தது. பிஸ்டனைக் கவிழ்த்துத் தலைக்கு அடிப்பக்கத்தைப் பார்த்தேன். சூடு சரியாக உள்ள என்ஜினில் அந்த இடம் தேன்நிறத்தில் இருக்கும். இதில் நடுவில் எட்டணா அளவுக்குக் கறுத்துக் கருகியிருந்தது. மேலே எவ்வளவு சூடு இருந்தது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடையாது. போரில் ஒட்டிய அலுமினியத்தைக் காஸ்டிக் சோடாக் கரைசலை பஞ்சில் தொட்டு எடுத்தேன். அது அலுமினியத்தைக் கரைக்கும், வார்ப்பிரும்பைத் தொடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது, பிஸ்டனுக்குக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. பிஸ்டனின் கீறலை நைஸ் எமரித் தாளால் தடவி ஆற்றினேன். ரிங் இடைவெளியும் பிஸ்டன் இடைவெளியும் அளவுக்குள் இருந்தன. அதையே மாட்டினேன். பன்னிரண்டாயிரம் செலவழித்த மனிதரிடம் தேவையில்லாமல் இன்னொரு பிஸ்டன் வாங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சீல் இரண்டையும் மாற்றினேன். இடது சீல் கசியவில்லை என்றாலும் அதற்கும் அதே வயது, அதே மூன்று வருட உறக்கம். சாதாரண நைட்ரைல் ரப்பருக்குப் பதிலாக விட்டான் ரகம் போட்டேன், சூட்டையும் எத்தனாலையும் அது நன்றாகத் தாங்கும். இரண்டும் சேர்த்து எழுநூறு ரூபாய்க்குள். தண்டில் சீல் உதடு ஓடிய இடத்தில் நகம் தடுக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அதே இடத்தில் புது உதடு உட்கார்ந்தால் சீக்கிரம் மறுபடி கசியும், அதனால் சீலை ஒரு மி.மீ. வெளியே நிறுத்தி, உதடு தேயாத பரப்பில் படும்படி வைத்தேன். மாட்டும்போது தண்டு முனையில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, உதட்டில் டூ டி ஆயிலைத் தடவி வழுக்கிவிட வேண்டும். உலர்ந்த சீலைச் சுத்தியலால் தட்டி ஏற்றினால் உதடு அப்போதே வெட்டுப்படும். மேனிஃபோல்டின் முகத்தைக் கண்ணாடி மேல் எமரித் தாள் விரித்துத் தேய்த்துச் சமன் செய்து புதுப் பேக்கிங் போட்டேன்.

மூடுவதற்கு முன்னால் மறுபடி கருவியை மாட்டினேன். 280. ஒரு நிமிடம் கழித்து 272. பையன் நம்பாமல் இன்னொரு நிமிடம் எண்ணினான்.

திரும்ப ஏறியது

மெயின் ஜெட் கம்பெனி அளவுக்குத் திரும்பியது. ஆயில் 40 மில்லிக்குத் திரும்பியது. என்.ஜி.கே. 7 பிளக். ஏர் ஸ்க்ரூ மூடிய நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே வந்ததும் ஸ்லோ நின்றது, முறுக்கி விட்டால் ரேஸ் உடனே கீழே வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே பாதி நிம்மதி. எத்தனாலுக்காக நீடில் கிளிப்பை மட்டும் ஒரு படி கீழே இறக்கினேன், கிளிப் இறங்கினால் நீடில் உயரும், பெட்ரோல் கூடும்.

நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு வத்தல்மலை போனேன். ஜூன் முதல் வாரம், வெயில் குறையவில்லை. முன்பு நின்ற வளைவைத் தாண்டி மேல் ஊர் வரைக்கும் ஏறி, நிறுத்தி, பொட்டின் மேல் அளந்தேன். 188. பிளக்கின் பீங்கான் டீத்தூள் கலந்த பால் நிறம்.

வாத்தியாருக்கு வண்டியைக் கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொன்னேன். தொப்பூரில் சேலம் பக்கம் இறங்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு என்ஜினைப் பிடித்தே இறங்க வேண்டாம். பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயில் போகிறது. மூடிவிட்டால் பிஸ்டன் வேகமாக ஓடும், ஆயில் மட்டும் வராது. நடுநடுவே கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிக்கொள்ளுங்கள் என்றேன். இன்னொன்று, வண்டியை இரண்டு மாதத்துக்கு மேல் நிறுத்தி வைக்க நேர்ந்தால் கார்புரேட்டரை வடித்துவிட்டு, வாரம் ஒருமுறை கிக்கரைக் கையால் மெல்ல ஒரு சுற்று சுற்றிவிட்டாலே சீல் தண்டோடு ஒட்டாது.

நவம்பரில் வந்தார், இந்த முறை ஓட்டிக்கொண்டு. ஓசூருக்கு நாலு தடவை போய்வந்திருக்கிறார், ஒரு தடவை வீட்டம்மாவையும் பின்னால் உட்கார வைத்து. எங்கும் நிற்கவில்லை. பிளக் நிறம் அப்படியே இருந்தது. கருவியை மாட்டிப் பார்த்தேன், ஒரு நிமிடத்தில் 280 என்பது 270. விளக்கு மட்டும் மங்கலாக எரிகிறது என்றார். டைனமோ பிரஷ் தேய்ந்திருக்கிறது. அதற்குச் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் போட வேண்டும்.